தோல் கிழியாத காயம்

ஞாயிறு பூசை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் குடும்பத் தலைவர் ஒருவர், குறுக்கே ஓடிய மாட்டைத் தவிர்க்கப் போய் விழுந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹாண்டிலின் முனை அடிவயிற்றில் பலமாகக் குத்திவிட்டது. இரத்தம் இல்லை, தோலில் சிறு சிராய்ப்பு மட்டுமே. "கண்டல்தான்" என்று வீட்டார் எண்ணெய் தடவி உருவி விடுகின்றனர். சில நாட்களின் பின், இருமும்போது அவ்விடத்தில் ஓர் உருண்டை புடைக்கிறது, படுத்தால் அமுங்கிவிடுகிறது. வெறும் கண்டல் இப்படிச் செய்யாது. இது குடலிறக்கம்.

குடலிறக்கம் என்றதும் பாரம் தூக்குவோருக்கு அரையில் வருவதையே நாம் நினைப்போம். அடிபட்டும் அது வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1906ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் இதுபற்றி எழுதப்பட்டுள்ளது. வயிற்றில் அடிபட்டு வைத்தியசாலைக்கு வருவோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது.

தோல் எப்படித் தப்புகிறது? அது இழுபடக்கூடியது. அதன் கீழுள்ள தசைக்கும் தசையைப் போர்த்திய உறைக்கும் அவ்வளவு இழுபாடு கிடையாது. மொட்டையான பொருள் வேகமாக மோதும்போது வயிற்றினுள் அமுக்கமும் திடீரென உயர்வதால் அவை கிழிந்து விலகுகின்றன. அந்த இடைவெளியால் குடல் வெளியே தள்ளுகிறது. கார் விபத்தில் ஆசனப்பட்டி அழுத்தியும் இப்படி நேரலாம். இதற்காகப் பட்டியை அணியாமல் விடாதீர்கள். வயிற்றின் குறுக்கே அல்லாது, தாழ்வாக இடுப்பெலும்பின் மேல் அணியுங்கள்.

உருண்டையைவிடப் பயப்பட வேண்டியது ஒன்றுண்டு. தசையைக் கிழித்த அதே அடி உள்ளே குடலையும் கிழித்திருக்கலாம். நோ கூடிக்கொண்டு போதல், வாந்தி, வயிறு பலகைபோல் இறுகுதல், காய்ச்சல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். உண்ணவோ குடிக்கவோ கொடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். உருவுவதும், இறுகக் கட்டுவதும், புடைப்பை உள்ளே தள்ளுவதும் கூடாது.

அங்கு சி.ரி. ஸ்கான் மூலம் கிழிவையும் உள்ளுறுப்புகளையும் பார்ப்பார்கள். குடல் காயப்பட்டிருந்தால் உடனே சத்திரசிகிச்சை. இல்லாவிடின் சிலவேளை நாள் குறித்துச் செய்வார்கள். கிழிவைத் தைத்தோ வலை வைத்தோ அடைப்பார்கள்.

வைத்தியர் உங்களைப் படுக்கவைத்துப் பார்க்கும்போது உருண்டை மறைந்திருக்கும். ஆகவே அடி எப்படிப் பட்டது, எழுந்து நின்று இருமினால் எங்கே புடைக்கிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.