தேர்தல் கணக்கைப் படிக்கும் விதம்
(2013-ம் வருஷத்து மலேசியப் பொதுத் தேர்தலிலிருந்து ஐந்து பாடங்கள்)



பொதுத் தேர்தல் முடிவு வெளிவந்த மறுநாள் நம் கடைகளில் வியாபாரத்தைவிடப் பேச்சே அதிகமாக நடக்கும். "இன்ன கட்சிதான் ஜெயித்தது, ஸ்தானங்களை எண்ணிப் பாருங்கள்" என்பார் ஒருவர். "இல்லை, மக்கள் அதிகமாக ஓட்டுப் போட்டது மற்றக் கட்சிக்குத்தான்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒருவர், "இந்த இனத்தார் எல்லாரும் அந்தக் கட்சிக்கே போட்டுவிட்டார்கள்" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார்.

முதலிருவரும் சண்டையிட வேண்டியதில்லை. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மூன்றாமவர் சொல்வதைத்தான் நாம் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். எல்லா இனத்தாரையும் வாடிக்கைக்காரராக வைத்துப் பிழைப்பவர்கள் நாம். கணக்கில் இல்லாத ஒன்றைக் கணக்கென்று நம்பி அண்டை அயலாரைச் சந்தேகிப்பது வியாபாரத்துக்கும் ஆகாது, நியாயத்துக்கும் ஆகாது.

பேரேடு படிக்கத் தெரிந்தவனுக்குத் தேர்தல் கணக்கு கஷ்டமானதல்ல. 2013-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி நடந்த மலேசியாவின் 13-வது பொதுத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். பாடம் படிக்க அதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

முதற் பாடம்: எதில் சதவிகிதம்?

லாபம் 10 சதவிகிதம் என்று ஒருவர் சொன்னால், கொள்முதலின் மேலா, விற்பனையின் மேலா என்று உடனே கேட்போம். தேர்தலிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அந்தத் தேர்தலில் வாக்காளர் ஜாபிதாவில் இருந்தவர்கள் 1,32,68,002 பேர். ஓட்டுச் சாவடிக்கு வந்தவர்கள் 1,12,57,147 பேர், அதாவது 84.84 சதவிகிதம். செல்லாதவை முதலியவற்றைக் கழித்தபின் செல்லுபடியான ஓட்டுகள் 1,10,54,577. தேசிய முன்னணிக்குக் கிடைத்தவை சுமார் 52 லட்சத்து 37 ஆயிரம். எதிரணியான மக்கள் கூட்டணிக்குக் கிடைத்தவை சுமார் 56 லட்சத்து 24 ஆயிரம்.

செல்லுபடியான ஓட்டுகளின் மேல் கணக்கிட்டால் முன்னணிக்கு 47.38 சதவிகிதம், கூட்டணிக்கு 50.87 சதவிகிதம். ஜாபிதாவில் உள்ள அத்தனை பேரின் மேலும் கணக்கிட்டாலோ முன்னணிக்கு 39½, கூட்டணிக்கு 42½ சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே, "மக்களில் பாதிப் பேருக்கு மேல் கூட்டணியை விரும்பினார்கள்" என்பது சரியன்று. "செல்லுபடியான ஓட்டுகளில் பாதிக்கு மேல்" என்பதே சரி. ஓட்டுப் போட வராத 20 லட்சம் பேரின் மனத்தில் என்ன இருந்தது என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

இன்னோர் உதாரணமும் உண்டு. 2018-ல் 82 சதவிகிதம் பேர் ஓட்டளித்தார்கள். 2022-ல் சுமார் 74 சதவிகிதம் பேர்தான். மக்கள் அக்கறை இழந்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். இடையில் ஓட்டு வயது 18 ஆகக் குறைந்தது. பெயர்களும் தாமாகவே ஜாபிதாவில் ஏறின. ஜாபிதா 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாகப் பெருகிற்று. ஓட்டளித்தவர்களின் தொகையோ 30 லட்சத்துக்கு மேல் கூடியிருந்தது. சதவிகிதம் இறங்கியது, தொகை ஏறியது. இரண்டையும் சேர்த்துச் சொல்பவரே கணக்குத் தெரிந்தவர்.

இரண்டாம் பாடம்: எடை வேறு, மூட்டை வேறு

பார்லிமெண்டில் 222 ஸ்தானங்கள். 2013-ல் தேசிய முன்னணி 133 ஸ்தானங்களையும் மக்கள் கூட்டணி 89 ஸ்தானங்களையும் பெற்றன. 47 சதவிகித ஓட்டுக்கு ஸ்தானங்களில் 60 சதவிகிதம். 51 சதவிகித ஓட்டுக்கு 40 சதவிகிதம்.

ஓட்டை ஸ்தானத்தால் வகுத்துப் பாருங்கள். முன்னணிக்கு ஒரு ஸ்தானத்துக்குச் சராசரி 39,400 ஓட்டு செலவாயிற்று. கூட்டணிக்கோ 63,200 ஓட்டு. ஒரே சரக்கு, இருவருக்கு இரு விலை!

அரிசி வாங்கும்போது மூட்டையை எண்ணுவது ஒரு கணக்கு. தராசில் நிறுப்பது வேறொரு கணக்கு. எல்லா மூட்டையும் ஒரே எடையாய் இருந்து, எல்லாம் ஒரே விதமாகக் கட்டப்பட்டிருந்தால்தான் இரண்டும் ஒத்து வரும். சர்க்கார் அமைப்பது மூட்டைக் கணக்கைப் பார்த்து. ஒவ்வொரு தொகுதியிலும் அதிக ஓட்டுப் பெற்றவர் ஜெயித்தார் என்பதே அந்நாட்டின் சட்டம். பிரிட்டனிலும் அதே முறைதான். அங்கே 1951-ல் தொழிற்கட்சி அதிக ஓட்டு வாங்கியும் கன்சர்வேடிவ் கட்சியே அதிக ஸ்தானம் பெற்று ஆட்சிக்கு வந்தது. ஆகவே ஸ்தானத்தைச் சொன்ன முதலாமவரும் சரி, ஓட்டைச் சொன்ன இரண்டாமவரும் சரி.

மூன்றாம் பாடம்: மூட்டைகள் ஒரே அளவா?

2013-ல் சிலாங்கூரின் காப்பார் தொகுதியில் 1,44,159 வாக்காளர்கள். புத்ராஜெயா தொகுதியில் 15,791 பேர். இரண்டுக்கும் ஒவ்வோர் அங்கத்தினரே. காப்பாரில் ஒன்பது பேர் சேர்ந்தால்தான் புத்ராஜெயாவில் உள்ள ஒருவருக்குச் சமம்.

இந்த வித்தியாசம் ஒரே நாளில் வந்ததன்று. 1957-ல் சுதந்திரம் கிடைத்தபோது, ஒரு தொகுதி சராசரியிலிருந்து 15 சதவிகிதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று அரசியல் சட்டத்தில் வரம்பு இருந்தது. 1962-ல் செய்த திருத்தம், கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியளவு இருந்தாலும் போதும் என்றது. 1973-ல் அந்த வரம்பும் எடுக்கப்பட்டது. 2022-ம் வருஷத்துத் தேர்தலில் பாங்கி தொகுதியில் 3,03,430 பேர். சரவாக்கின் ஈகான் தொகுதியில் 28,290 பேர். இடைவெளி பத்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

இதில் இரு தரப்பு நியாயங்கள் உண்டு. காடும் ஆறும் தாண்டிச் சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கு ஓர் அங்கத்தினர் போய்ச் சேர்வதே கஷ்டம், அங்கே தொகுதி சிறிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. மனிதனுக்குத்தான் ஓட்டு, மரத்துக்கு அல்ல. ஆகவே எல்லார் ஓட்டும் ஒரே எடை என்பது மறு தரப்பு. புத்ராஜெயா காடுமல்ல, கிராமமுமல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். எந்த நியாயத்தை ஏற்பது என்பது அவரவர் அபிப்பிராயம். ஆனால் மூட்டைகள் ஒரே அளவல்ல என்பது அபிப்பிராயம் அல்ல, கணக்கு.

ஊர் வாரியாகப் பிரித்தாலும் விஷயம் விளங்கும். தீபகற்பத்தின் 165 ஸ்தானங்களில் முன்னணிக்கு 85, கூட்டணிக்கு 80, ஏறக்குறையச் சமம். சபா, சரவாக், லாபுவான் ஆகியவற்றின் 57 ஸ்தானங்களில் முன்னணிக்கு 48, கூட்டணிக்கு 9. ஆட்சியை நிலைநிறுத்தியது கடலுக்கு அப்பால் கிடைத்த அந்த லாபமே.

நான்காம் பாடம்: சரக்கு எங்கே குவிந்திருக்கிறது?

மூட்டைகள் ஒரே அளவாக இருந்தாலும் வித்தியாசம் முழுவதும் தீராது. கோலாலம்பூரின் செபுத்தே தொகுதியில் ஜெயித்த எதிரணி அபேட்சகரின் பெரும்பான்மை 51,552. அத்தனை ஓட்டு மிஞ்சியும் கிடைத்தது ஒரே ஸ்தானம். அதே தேர்தலில் முன்னணி, சரவாக்கின் பாரம் தொகுதியை 194 ஓட்டிலும், பெந்தோங்கை 379 ஓட்டிலும், கேமரன் மலையை 462 ஓட்டிலும் பிடித்தது. மூன்றுக்கும் சேர்த்துப் பெரும்பான்மை 1,035. கிடைத்தவையோ மூன்று ஸ்தானங்கள். ஒரே கடையில் தேவைக்கு மேல் சரக்கை அடுக்கி வைத்து மற்றக் கடைகளைக் காலியாக விட்டால் விற்பனை குறைவது போலத்தான் இதுவும்.

இது முன்னணிக்கு மட்டும் சாதகமானதன்று. கூட்டணிக்குள்ளேயே பாருங்கள். பாஸ் கட்சிக்கு 16 லட்சத்து 33 ஆயிரம் ஓட்டு. ஜனநாயக செயல் கட்சிக்கு 17 லட்சத்து 36 ஆயிரம். ஒரு லட்சம்தான் வித்தியாசம். ஸ்தானமோ பாஸுக்கு 21, ஜனநாயக செயல் கட்சிக்கு 38! எங்கே போட்டியிட்டார்கள், ஓட்டு எப்படிப் பரவியிருந்தது என்பதே காரணம்.

ஐந்தாம் பாடம்: யார் போட்டார்கள் என்று கல்லா சொல்லுமா?

இப்போது அந்த மூன்றாமவரின் தீர்ப்புக்கு வருவோம். முடிவு வெளியான இரவிலேயே அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் "சீனர் சுனாமி" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். மே 7-ந் தேதி 'உத்துசான் மலேசியா' பத்திரிகை, சீனர்களுக்கு இன்னும் என்ன வேண்டும் என்று முதல் பக்கத்தில் கேட்டது. இந்தப் பேச்சைக் கணக்கால் சோதிப்போம்.

அந்த ஜாபிதாவில் சீனர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தாராளமாக மூன்றில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். 44 லட்சத்து 22 ஆயிரம் பேர் ஆகிறது. அவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் ஓட்டளித்து, அத்தனை பேரும் எதிரணிக்கே போட்டதாகவும் வைத்துக்கொள்வோம். எதிரணி பெற்ற 56 லட்சத்து 24 ஆயிரத்தில் இதைக் கழியுங்கள். மீதம் 12 லட்சம்! நடக்கவே முடியாத ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகும், 12 லட்சம் மலாய்க்காரரும் இந்தியரும் பிற இனத்தாரும் அதே பக்கம் போட்டிருந்தால்தான் அந்தத் தொகை வரும். உண்மையான எண் இதைவிட அதிகமாகத்தான் இருக்க முடியும்.

இன்னோர் அத்தாட்சி: மலாய்க்காரரே மிகப் பெரும்பான்மையாக வாழும் கிளந்தானில் 14 ஸ்தானங்களில் 9 எதிரணியைச் சேர்ந்த பாஸ் கட்சிக்குச் சென்றன. சீன வாக்காளரின் பெரும்பகுதி எதிரணியை ஆதரித்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவு முழுவதையும் ஓர் இனத்தின் தலையில் வைப்பதைக் கணக்கு ஒப்பவில்லை.

இதன் உள் விஷயம் சின்ன உதாரணத்தில் விளங்கும். ஒரு தொகுதியில் 100 வாக்காளர். 60 பேர் ஓர் இனம், 40 பேர் மற்றோர் இனம். ஒரு கட்சிக்கு 50 ஓட்டு விழுந்தது. அது 30-ம் 20-ம் சேர்ந்ததாக இருக்கலாம். 10-ம் 40-ம் சேர்ந்ததாக இருக்கலாம். 50-ம் பூஜ்யமும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். கூட்டுத்தொகை மூன்றிலும் ஒன்றே. இரவு கல்லாப் பெட்டியில் 500 வெள்ளி இருந்தால் அன்றைய விற்பனை தெரியும்; அந்த நோட்டுகளில் எது எந்த வாடிக்கைக்காரர் கொடுத்தது என்று பெட்டி சொல்லாது.

ஓட்டுச் சீட்டில் பெயரும் இல்லை, இனமும் இல்லை. தொகுதியின் முடிவு ஓர் இடத்தைப் பற்றிய செய்தியே தவிர ஆளைப் பற்றிய செய்தியல்ல. நம்மைப் போன்ற சிறு தொகையினர் இதை இரு மடங்கு மனத்தில் கொள்ள வேண்டும். எந்தத் தொகுதியிலும் நம் ஓட்டுத் தனியாகத் தெரியாது. "உங்கள் ஆட்கள் இப்படித்தான் போட்டார்கள்" என்று நம்மிடம் ஒருவர் சொன்னால் அவரிடம் அதற்குப் பேரேடு கிடையாது. அதே நியாயப்படி, பிறரைப் பற்றி அவ்வாறு சொல்ல நம்மிடமும் பேரேடு கிடையாது.

ஆகவே, அடுத்த தேர்தல் முடிவு எந்த நாட்டில் வந்தாலும், பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஐந்து கேள்வி கேளுங்கள். இந்தச் சதவிகிதம் எதன் மேல் போட்டது? இது ஓட்டா, ஸ்தானமா? தொகுதிகள் ஒரே அளவா? ஓட்டு எங்கே குவிந்தது, எங்கே பரவியது? இந்த எண் ஊரைப் பற்றிச் சொல்கிறதா, ஆளைப் பற்றியா? இந்த ஐந்துக்கும் பதில் வைத்திருப்பவரோடு தாராளமாகப் பேசுங்கள். பதில் இல்லாதவர் பேச்சைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் முகம் திருப்பாதீர்கள். நாளை சில்லறை மாற்ற அவரிடம்தான் போக வேண்டும்.