களைக்கொல்லியை 'டெலிட்' செய்யும் பிளாஸ்மா

பிளாஸ்மா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிளாஸ்மா டி.வி.தான். பெரிய நிறுவனங்கள் 2014-ஆம் ஆண்டோடு அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டன. ஆனால் தண்ணீரில் கலந்த களைக்கொல்லியைப் பிளாஸ்மாவால் சிதைக்கும் ஆய்வுகள் தொடர்கின்றன. அது எப்படி என்று பார்ப்போம்.

பிளாஸ்மா என்றால் என்ன?

திடம், திரவம், வாயு இவற்றுக்கு அடுத்த நான்காவது நிலை இது. வாயுவில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் இதுதான். எலக்ட்ரான்கள் வேகமாக ஓடினாலும் வாயு அதிகம் சூடாவதில்லை. எனவே இதற்குக் குளிர் பிளாஸ்மா என்று பெயர்.

பழைய லேசர் பிரிண்டரில் நிறையப் பக்கங்கள் அச்சிட்டால் ஒரு நெடி வரும், கவனித்திருக்கிறீர்களா? அது ஓசோன். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியின் உயர் மின்னழுத்தம், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக்குகிறது.

தண்ணீரில் நடப்பது என்ன?

அட்ரசின் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளம், கரும்பு வயல்களில் தெளிக்கப்படுவது. மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இதற்கு அனுமதி மறுத்தது. அமெரிக்காவில் குடிநீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் வரை அனுமதி உண்டு.

1. தண்ணீரை மெல்லிய படலமாக ஓடவிட்டு, அதன் மேல் பிளாஸ்மாவை உண்டாக்குகிறார்கள்.
2. ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ஆகியவை உருவாகின்றன.
3. இவற்றில் ஹைட்ராக்சில்தான் முக்கியம். இதன் ஆயுள் ஒரு நொடியில் மிகச் சிறு பகுதியே. அதற்குள் அட்ரசினைத் தாக்கி, அதன் பக்கக் கிளைகளை உடைக்கிறது.

மறைந்தால் போதுமா?

ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபைலை டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறீர்கள். ஃபைலின் பெயர் போய்விடும். ஆனால் அந்த இடத்தில் வேறு எதுவும் பதியும் வரை தகவல் அங்கேயே இருக்கும். இங்கும் அப்படித்தான். சோதனையில் அட்ரசின் தெரியாவிட்டாலும், அது உடைந்து உருவான வேறு பொருட்கள் தண்ணீரில் இருக்கலாம். அதன் நடுவிலுள்ள வளையம் எளிதில் உடையாது. எனவே என்ன மறைந்தது என்பதோடு, என்ன மிஞ்சியது என்பதையும் அளக்க வேண்டும். காற்றைப் பயன்படுத்தினால் நைட்ரேட்டும் சேரும். மின்செலவும் அதிகம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், அட்ரசின் போகாது. தண்ணீர் வற்றினால் அதன் அடர்த்திதான் கூடும். வாட்டர் ஃபில்டரிலுள்ள ஆக்டிவேட்டட் கார்பன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அழிக்காது. ஆகவே கார்ட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றுங்கள்.

உயர் மின்னழுத்தத்தை வைத்து வீட்டில் பரிசோதனை செய்ய வேண்டாம், உயிருக்கே ஆபத்து. பிளாஸ்மா ஃபில்டர் என்று யாராவது விற்க வந்தால், 'உடைந்த பிறகு தண்ணீரில் மிஞ்சுவது என்ன?' என்று கேளுங்கள். பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.