டிஷ் வண்டியை நிறுத்துமுன் மாடிகளை எண்ணுங்கள்

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கு நடுவே செயற்கைக்கோள் டிஷ் பொருத்திய வண்டி ஒன்று வந்து நின்றால், கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள்: “தம்பி, இதுலேர்ந்து கதிர்வீச்சு வருமா? பிள்ளைங்க இங்கதான் விளையாடுது.” நியாயமான கேள்வி. வண்டிக்குப் பொறுப்பானவர் கணக்கோடு பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். “ஒன்றும் ஆகாது” என்பது பதில் ஆகாது.

எந்த ஆபத்தை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இது எக்ஸ்ரே வகைக் கதிர் அல்ல. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது. உடல் திசுவைச் சூடாக்கும், அவ்வளவுதான். 10 கிகாஹெர்ட்சில் சுமார் 4 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும். 30 கிகாஹெர்ட்சில் 1 மில்லிமீட்டர்கூட இறங்காது. இரத்த ஓட்டம் குறைந்த கண் விழி இந்தச் சூட்டை எளிதில் தணித்துக்கொள்ளாது. அதனால்தான் டிஷ்ஷின் முன்னால் முகத்தை நீட்டாதே என்கிறோம்.

அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2020இல் புதுப்பித்த வரம்புகளின்படி, இந்த அலைவரிசைகளில் பொதுமக்களின் முழு உடலுக்குச் சதுர மீட்டருக்கு 10 வாட், பயிற்சி பெற்ற பணியாளருக்கு 50 வாட். இரண்டும் 30 நிமிடச் சராசரி. சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியமும் இந்த ஆணையத்தின் வழிகாட்டுதலையே பின்பற்றுகிறது.

இனி கணக்கு. டிஷ்ஷின் விட்டம், அலைவரிசை, திறன் விகிதம், அனுப்பும் மின்திறன் ஆகிய நான்கு எண்களைச் சேகரியுங்கள். மின்திறனுக்குத் திரையில் இப்போது தெரியும் எண்ணை எழுதக் கூடாது. பிற்பகல் மழை கொட்டும்போது இந்த வண்டிகள் பயன்படுத்தும் கேயூ பேண்ட் சிக்னல் தேயும். அதை ஈடுகட்டக் கருவி தானாகவே பவரை ஏற்றும். ஆகவே ‘பக்’ என்று எல்லாரும் சொல்லும் பெருக்கியின் உச்ச அளவையே எடுங்கள்.

ஓர் உதாரணம்: 1.2 மீட்டர் டிஷ், 40 வாட், 14.25 கிகாஹெர்ட்ஸ், திறன் 60 விழுக்காடு. அமெரிக்க மத்தியத் தொடர்பு ஆணையம் 1997இல் வெளியிட்ட 65ஆம் இலக்கக் கையேட்டின் சூத்திரங்கள் இதற்குப் போதும். மின்திறனை நான்கால் பெருக்கி டிஷ்ஷின் பரப்பால் வகுத்தால் டிஷ் முகப்பில் இருக்கக்கூடிய உச்ச அளவு: சதுர மீட்டருக்கு 141 வாட். விட்டத்தின் வர்க்கத்தை அலைநீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அண்மைப்புலத்தின் நீளம்: 17 மீட்டர். அந்த 17 மீட்டருக்குள் கதிர் விரியாமல் ஓர் உருளைபோல் போகும். அங்கே 85 வாட் வரை இருக்கும். அதற்கப்பால் தூரத்துக்கு ஏற்பக் குறைந்து, 29 மீட்டரில் 50 வாட்டுக்கும், 78 மீட்டரில் 10 வாட்டுக்கும் இறங்கும். இந்த 78ஐப் பெரிய எழுத்தில் எழுதி வண்டிக்குள் ஒட்டுங்கள்.

எண்பது மீட்டரா என்று பதற வேண்டாம். அது கதிரின் நேர்கோட்டில் அளந்த தூரம். உருளைக்கு வெளியே ஒரு டிஷ் விட்டம் தள்ளி வந்தாலே அளவு நூறில் ஒரு பங்காகிவிடும் என்று அதே கையேடு கணக்கிடுகிறது. நம் உதாரணத்தில் அது சதுர மீட்டருக்கு 0.85 வாட். டிஷ் நிமிர்ந்து வானத்தைப் பார்த்திருக்கும்போது சக்கரத்தின் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட எட்டாது. பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள், எண்ணோடு சொல்லுங்கள்.

ஆனால் புக்கிட் மேராவில் தலைக்கு மேலேதான் மக்கள் குடியிருக்கிறார்கள். 2011இல் ஏவப்பட்ட எஸ்டி-2 செயற்கைக்கோள் கிழக்கு 88 பாகையில் இருக்கிறது. இங்கிருந்து அதைப் பிடிக்க டிஷ் ஏறக்குறைய நேர் மேற்கே, 71 பாகை நிமிர்ந்து நிற்கும். உங்கள் மேற்கில் 20 மீட்டர் தள்ளி உயரமான புளோக் ஒன்று இருந்தால் கதிர் அதன் சுவரை, டிஷ் நிற்கும் வண்டிக் கூரையின் உயரத்தையும் சேர்த்து, தரையிலிருந்து சுமார் 62 மீட்டர் உயரத்தில் தொடும். மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால் 22ஆம் மாடி. அங்கே கதிர் கடந்திருக்கும் தூரம் 63 மீட்டர். அளவு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 16 வாட். பொதுமக்கள் வரம்பைத் தாண்டிவிட்டது.

கதிரின் முக்கியப் பகுதி அந்தத் தூரத்தில் ஒன்றரை மீட்டர் அகலம்கூட இராது. ஒரு சன்னலைத்தான் நிரப்பும். கட்டடம் முழுதாகக் குறுக்கிட்டால் டிஷ் சிக்னலையே பிடிக்காது, தவறு உடனே தெரிந்துவிடும். சுவரின் விளிம்பையோ மொட்டைமாடியின் ஓரத்தையோ உரசிப் போகும்போதுதான் கவனம் தேவை. சிக்னல் சற்று வலுவிழந்தாற்போல் வரும், இயக்குபவருக்குப் பவரை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். வெளியே வந்து கதிர் போகும் திசையில் மேலே பாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பழுதுபார்ப்பவர் அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.

தீர்வு எளிது. 78 மீட்டரை நிமிர்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் தரையில் விட வேண்டிய இடைவெளி கிடைக்கும்: 25 மீட்டர். மேற்கில் அவ்வளவு தூரத்துக்குக் கட்டடம் இல்லாத இடத்தில் நிறுத்தினால், எத்தனை மாடி இருந்தாலும் கவலை இல்லை. 40 பாகையில் தாழ்ந்திருக்கும் செயற்கைக்கோளுக்கு இதுவே 60 மீட்டராகும். டெப்போ சாலை ருத்ர காளியம்மன் ஆலயத்தில் குடமுழுக்கு நேரலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: முதல்நாளே திசைகாட்டியும் கோணமானியும் கொண்டு போய் நின்று பார்த்து இடத்தைக் குறித்துவிடுங்கள். ஹெண்டர்சன் வேவ்ஸ் நடைபாலத்தின் கீழோ அதை ஒட்டியோ மட்டும் வேண்டவே வேண்டாம். பாலம் சாலைக்கு 36 மீட்டர் மேலே இருக்கிறது. வண்டிக் கூரையிலிருந்து கிளம்பி அந்த உயரத்தை எட்டும்போது கதிர் 35 மீட்டர்தான் வந்திருக்கும், அளவோ 42 வாட்.

எதிரே செந்தோசாவில் 1971இல் செயற்கைக்கோள் தரை நிலையம் திறக்கப்பட்டது. அதன் டிஷ்களுக்கு இடம் ஒருமுறை பார்த்தால் போதும். வண்டிக்கு ஒவ்வொரு முறையும் புது இடம், அதனால் ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு.

வண்டியைச் சோதிப்பது அடுத்த வேலை. மடங்கிக் கிடக்கும் டிஷ் நிமிரும்போது தாழ்வான கோணங்களைக் கடந்துதான் மேலே போகும். அந்த நேரத்தில் அது எதிர்ச் சாரியின் சன்னல்களையும் நடைபாதையையும் பார்க்கும். செயற்கைக்கோளைப் பிடித்து உறுதி செய்யும்வரை அனுப்புதல் தானாக அடங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கூரை ஏணியின் கதவைத் திறந்தால் பவர் அறுபட வேண்டும். அப்படி ஒரு சுவிட்ச் இல்லாத வண்டியில், கூரைக்கு ஏறுபவர் பெருக்கியின் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். ஏனென்றால் மிகக் கொடிய இடம் கூரையில்தான் இருக்கிறது: டிஷ்ஷை நோக்கி அலையை உமிழும், ஏழு சென்டிமீட்டர் வாயுள்ள ஃபீட் ஹார்னிலிருந்து 40 வாட்டும் வெளிவரும்போது அங்கே சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் வாட்டைத் தாண்டும். ஹார்னின் மேல் ஒட்டிய இலையைத் தட்டிவிடக் கை நீட்டும் ஒரு நொடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

கடைசியாக அளவை. கடையில் மலிவாகக் கிடைக்கும் மீட்டர்கள் பலவும் 14 கிகாஹெர்ட்சை எட்டா. அவை காட்டும் பூச்சியத்தை நம்ப வேண்டாம். எல்லாத் திசையிலும் அளக்கும் புரோபும், காலாவதியாகாத அளவுதிருத்தச் சான்றிதழும் வேண்டும். குறைந்த பவரில் தொடங்கி, தொலைவிலிருந்து கிட்டே வாருங்கள். கருவி மின்புலத்தைக் காட்டினால் மீட்டருக்கு 61 வோல்ட் என்பது 10 வாட்டுக்குச் சமம். ஓட்டுநர் இருக்கை, பின்கதவு, கூரை ஓரம், மக்கள் நிற்கும் கயிற்று எல்லை ஆகியவற்றை உச்ச பவரில் அளந்து, தேதி, கோணம், செயற்கைக்கோளின் பெயருடன் எழுதி வையுங்கள். பெருக்கியை மாற்றினாலும் செயற்கைக்கோளை மாற்றினாலும் அந்தத் தாள் செல்லாது. 78 என்று ஒட்டிய எண்ணையும் கிழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.