கல்யாண வீட்டில் போட ஒரு படம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

அன்புள்ள காயத்ரிக்கு,

அக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே எல்லோரும் இங்கே வந்து சேர்ந்துவிடுவோம் இல்லையா? ராத்திரி கூடத்தில் பாட்டிகளும் குழந்தைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கக் கல்யாணப் படங்களாக நீ தேர்ந்து வைக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்ல பொறுப்பு. படம் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

சான்றிதழைப் பார்ப்பாய், பார்க்கத்தான் வேண்டும். 2024-ல் வந்த விதிகளின்படி யு/ஏ சான்றிதழை இப்போது 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். அடிதடி, ஆபாசம் எவ்வளவு என்று அது ஓரளவு சொல்லிவிடும். ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் நிறத்தைச் சொல்லிச் சிரிக்கிற காட்சியும், சீர் போதவில்லை என்று பெண்ணின் அப்பா கைகூப்பி நிற்கிற காட்சியும் எந்தச் சான்றிதழிலும் நுழைந்துவிடும். கூடத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அதுதான் பெரிய கவலை. ஆகவே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள். கல்யாணப் பெண் வேண்டும், வேண்டாம் என்று வாய் திறக்கிறாளா? அவள் பேச்சால் கதை நகர்கிறதா?

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். லலிதா, பத்மினி, ராகினி மூவரும் இங்கே பூஜப்புரைக்காரர்கள் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ, பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'சித்தி' (1966) படத்தில் பத்மினி தம்பியின் மருத்துவப் படிப்புக்காக, குழந்தைகள் நிறைந்த வீட்டில் மூத்த வயதுக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்படுகிறாள். எம்.ஆர். ராதா அந்தக் கணவர். பாட்டிகள் கண்ணீர் விட்டுக்கொண்டே பார்ப்பார்கள். ஆனால் அந்தத் தியாகத்தைக் கல்யாணத்துக்கு இலக்கணமாகக் குழந்தைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. போடுவதென்றால் பகலில், பாட்டிகளுக்கு மட்டும் போடு.

அந்த மூவரின் சகோதரர் மகள்தான் ஷோபனா. அவர் நடித்து, ராஜசேனன் இயக்கிய 'மேலேபரம்பில் ஆண்வீடு' (1993) நம் கூடத்துக்கென்றே எடுத்தது போன்ற மலையாளப் படம். வேலைக்காகத் தமிழ்நாட்டுக்குப் போன ஜெயராம் அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. ஆகவே மனைவியை வேலைக்காரி என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவருகிறார். தமிழும் மலையாளமும் கலந்து வருவதால் சென்னைப் பிள்ளைகளும் நம்மவர்களும் சேர்ந்து சிரிக்கலாம். ஜகதி ஸ்ரீகுமார் வேறு இருக்கிறார்.

இதை நான் மனதாரச் சிபாரிசு செய்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் தன் வீட்டிலேயே வேலைக்காரியாக நின்று எல்லோருக்கும் பரிமாறுகிறாள். கணவன் வாய் திறப்பதில்லை. நாம் சிரிக்கிற இடமெல்லாம் அவள் பொறுத்துக்கொள்கிற இடம். ஷோபனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு, அது தெரியும். படம் முடிந்ததும் "நீயாக இருந்தால் எத்தனை நாள் பொறுத்திருப்பாய்?" என்று சின்னவர்களிடம் கேட்டுப் பார். பையன்களிடமும் கேள், முக்கியமாக அவர்களிடம்.

விசுவின் 'மணல் கயிறு' (1982) யாருக்கும் அலுக்காது. எட்டு நிபந்தனை போட்டுப் பெண் தேடும் மாப்பிள்ளைக்குத் தரகர் பொய் சொல்லி முடித்துவைக்கிறார். நிபந்தனை ஒவ்வொன்றாக உடைவதில்தான் சிரிப்பு. ராதாமோகனின் 'அபியும் நானும்' (2008) அப்பாக்களுக்கு. மகள் ஒரு சர்தார்ஜிப் பையனைக் காட்டியதும் பிரகாஷ்ராஜ் தவிக்கிற தவிப்பு அது. 1950-ல் ஹாலிவுட்டில் ஸ்பென்சர் டிரேசி 'ஃபாதர் ஆஃப் தி பிரைட்' படத்தில் இதே தவிப்பை நடித்துக் காட்டினார். மகளைக் கட்டிக்கொடுக்கிற அப்பாவுக்கு நாடு ஏது?

கிரண் ராவின் 'லாபதா லேடீஸ்' (2024-ல் திரைக்கு வந்தது) கட்டாயம் இருக்கட்டும். ரயிலில் முக்காடு போட்ட இரண்டு புதுப்பெண்கள். மாப்பிள்ளை தவறான பெண்ணை இறக்கிக் கூட்டிப்போய்விடுகிறான். அவன் மனைவி வேறொரு ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு, டீக்கடை நடத்தும் ஒரு பெண்மணியிடம் கைத்தொழிலும் தைரியமும் கற்கிறாள். இன்னொருத்திக்குக் கல்யாணத்தைவிட விவசாயப் படிப்பில்தான் ஆசை. இந்திதான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நீ சொல்லிக்கொண்டே வந்தால் பாட்டிகளும் ரசிப்பார்கள்.

மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' வெனிஸ் திரைப்பட விழாவில் 2001-ல் தங்கச் சிங்கம் விருது வாங்கிய படம். கல்யாண வீட்டை அவ்வளவு உயிரோடு காட்டிய படங்கள் குறைவு. ஆனால் உறவுக்காரர் ஒருவர் குழந்தையிடம் செய்த கொடுமை அதன் நடுவில் இருக்கிறது. கூடத்தில் வேண்டாம். நீயும் அக்காவும் தனியாகப் பாருங்கள். பார்க்க வேண்டிய படம்.

கடைசி ராத்திரிக்கு கௌரி ஷிண்டேயின் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' (2012) வை. அதில் ஸ்ரீதேவி மணப்பெண் அல்ல, மணப்பெண்ணின் சித்தி. வீட்டில் லட்டு பிடித்து விற்பவள், ஆங்கிலம் வராது என்று கணவனும் மகளும் கேலி செய்கிறார்கள். நியூயார்க்கில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனவள் யாருக்கும் தெரியாமல் நாலு வார வகுப்பில் சேர்கிறாள். தேர்வும் கல்யாணமும் ஒரே நாளில் வந்துவிடுகின்றன. லட்டு கீழே கொட்டிப்போகிறது. தேர்வை விட்டுவிட்டு மறுபடி லட்டு பிடிக்கிறாள். பிறகு பந்தலில் எழுந்து, தம்பதி சமமானவர்கள், ஒருவரை ஒருவர் தாழ்வாக உணரவைக்கக் கூடாது என்று தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்தில் பேசுகிறாள். கல்யாணப் படங்களில் எனக்கு மிகப் பிடித்த பேச்சு அது.

எல்லாப் படத்தையும் முதலில் நீ ஒருமுறை தனியாகப் பார்த்துவிடு. கடைசிப் படத்துக்கு மட்டும் அக்காவையும் மாப்பிள்ளையையும் முன் வரிசையில் உட்கார வை. மருதாணி காயட்டும், வேலை கிடக்கட்டும், இரண்டு மணி நேரம் அவர்களை யாரும் எழுப்ப விடாதே.

அன்புடன்,
உன் சித்தி