கொக்கியின் வாய் விரிந்தால்



போர்வெல் மோட்டார் இறக்கும் முக்காலியிலும், லாரி பட்டறையில் இன்ஜின் கழற்றும் இடத்திலும் தொங்குவது ஒரே சாமான்தான்: செயின் பிளாக். கரண்ட் வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம். ஒரே ஆள் கைச் செயினை இழுத்து ஒரு டன்னைத் தூக்கிவிடலாம். அதனாலோ என்னவோ, கிரேனுக்குக் கிடைக்கும் கவனிப்பு இதற்குக் கிடைப்பதில்லை. வேலை முடிந்ததும் மண்ணில் வீசுகிறார்கள், மறுநாள் அப்படியே எடுத்து மாட்டுகிறார்கள்.

கொக்கியிலிருந்து தொடங்கலாம். நல்ல கொக்கி பட்டென்று முறியாது. சுமை மீறும்போது வாய் விரிந்து காட்டிக்கொடுக்கும் விதமாகத்தான் அதன் எஃகைப் பதப்படுத்துகிறார்கள். புதிதில் இருந்ததைவிட வாய் 5 சதவீதம் அகன்றாலே கழற்றிவிடச் சொல்கிறது ஏ.எஸ்.எம்.இ. பி30.10 என்ற அமெரிக்கத் தரநிலை. 30 மி.மீ. வாயில் அது வெறும் ஒன்றரை மி.மீ. எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது. வாயை மூடும் லாட்ச் கொக்கி நுனியில் சரியாக உட்காராவிட்டால் சந்தேகம் உறுதி. வாங்கிய அன்றே வாயை வெர்னியரில் அளந்து எழுதிவைத்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. எழுதிவைக்கும் பட்டறைகள் குறைவு. கொக்கிக்குப் புது பெயின்ட் அடித்துப் பளபளக்க வைக்கும் பட்டறைகள்தான் அதிகம். அந்த பெயின்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வது விரிசல்.

லோடு செயினில் தேய்மானம் வெளியே தெரியாது. கண்ணியும் கண்ணியும் உரசும் உள்வளைவில் அது இருக்கும். சுமையை இறக்கி, செயினைத் தளர்த்தி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணியையும் மடக்கிப் பார்த்தால்தான் அகப்படும். விரல் நகம் தடுக்கும் பள்ளம் கண்ணில் படாததையும் சொல்லும். பிறகு நீளம். ஒரு டன் பிளாக்குகள் பலவற்றில் வருவது 6.3 மி.மீ. செயின், ஒரு கண்ணியின் உள்நீளம் சுமார் 19 மி.மீ. பதினோரு கண்ணி சேர்ந்தால் ஏறத்தாழ 210 மி.மீ. கையால் இயக்கும் பிளாக்குக்குப் பொதுவான வரம்பு 2.5 சதவீத நீட்சி. அதாவது 215-ஐத் தொட்டால் செயினின் ஆயுள் முடிந்தது. தயாரிப்பாளரின் கையேடு இதைவிடக் கறாராகச் சொன்னால் அதுவே கணக்கு.

துருவைப் போக்க செயினை ஆசிட்டில் ஊறவைக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. துரு போகும்; கூடவே ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, உறுதியான கண்ணியை நொறுங்கும் கண்ணியாக மாற்றிவிடும். வெல்டிங் பொறி பட்ட புள்ளியும் அப்படித்தான், அந்த இடம் மட்டும் கடினமாகி விரிசலுக்கு வழிவிடும். வெல்டிங் எர்த்தை செயின் வழியாகத் திருப்புகிறவரைக் கண்டால், வயதில் பெரியவரானாலும் தடுத்துவிடு.

காதுக்கும் வேலை இருக்கிறது. இந்த பிளாக்குகளில் இருப்பது வெஸ்டன் வகை பிரேக். தொங்கும் சுமையே திருகை இறுக்கி, உராய்வுத் தட்டுகளை ராட்சட் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. தூக்கும்போது கேட்கும் ‘டக் டக்’, அந்தச் சக்கரத்தின் பல்லில் நாக்கு விழும் சத்தம். சத்தம் நின்றாலோ விட்டுவிட்டு வந்தாலோ அதோடு வேலையை நிறுத்து. செயினுக்கு எண்ணெய் நல்லது. அதே எண்ணெய் பிரேக் தட்டில் வழிந்தால் சுமை தானாக இறங்கும். எடையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்தால் பிரேக்கின் லட்சணம் தெரிந்துவிடும்.

ஒருவர் இழுக்கவேண்டிய கைச் செயினில் இரண்டு பேர் தொங்கினால், பிளாக் சிறியது அல்லது உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. மூன்றாவது ஆளைக் கூப்பிடுவது வைத்தியமல்ல.

தூக்கும் சாதனங்களைத் தகுதிபெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு விதித்தது. ஆனால் சோதனைச் சான்றிதழ் சொல்வது அந்த ஒரு நாளின் நிலையை மட்டுமே. மறுநாளே யாராவது சுமையைக் கொக்கி நுனியில் மாட்டித் தூக்கியிருக்கலாம்.

கழித்துக்கட்டிய செயினை முழுசாக ஸ்கிராப்பில் போடாதே. கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டிப் போடு. இல்லாவிட்டால் அடுத்த வாரமே யாராவது எடுத்துப்போய் மோட்டார் தூக்கிக்கொண்டிருப்பார்கள்.