இன்கம் டாக்ஸ் நோட்டீஸ் வந்தா பயப்படாதீங்க, படிங்க: ஆறே கேள்வியில புரிஞ்சுக்கலாம்



ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணாரு. ஐடி கம்பெனியில நாலு வருஷமா வேலை பார்க்கிறவர்.

"அண்ணா, எனக்கு 24,000 ரூபாய் ரீஃபண்ட் வரணுங்ணா. போர்ட்டல்ல பார்த்தா 'அட்ஜஸ்டட்'னு காட்டுது. தங்கச்சிக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன்."

"இதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல இருந்து ஏதாவது மெயில் வந்துச்சா தம்பி?"

"ரெண்டு மூணு வந்துச்சுங்ணா. திறந்து பார்த்தேன், ஒன்னும் புரியல. நம்ம மேல தப்பு எதுவும் இல்லையே, சும்மா எல்லாருக்கும் அனுப்புவாங்கன்னு விட்டுட்டேன்."

அவர் மேல தப்பு இல்லைங்கிறது உண்மைதான். கடைசியில அதை நிரூபிச்சோம். ஆனா எட்டு மாசம் ஆச்சு. நேரத்துக்குப் பதில் போட்டிருந்தா அந்த ரீஃபண்டைக் காப்பாத்த ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

நாம ஒரு கடிதத்துக்குப் பதில் போடலைன்னா, "இன்னும் ஒன்னும் சொல்லலை"ன்னு அர்த்தம். வரிச் சட்டத்துல பல இடத்துல அப்படி இல்லை. நீங்க பேசாம இருந்தா, "சரின்னு ஒத்துக்கிட்டீங்க"ன்னு எடுத்துக்குவாங்க. இன்னைக்குப் பாடம் இதுதான். நோட்டீஸ் கையில வந்ததும் ஆறு கேள்வி கேளுங்க. இங்கிலீஷ் புலமையெல்லாம் தேவையில்லை.

கேள்வி 1: இது உண்மையான நோட்டீஸ்தானா?

வருமான வரித்துறை அனுப்புற நோட்டீஸ்ல டின்னு ஒரு எண் இருக்கும். ஆவண அடையாள எண்னு சொல்லலாம். 2019 அக்டோபர் 1-லிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, இந்த எண் கட்டாயம். இ-ஃபைலிங் போர்ட்டலோட முதல் பக்கத்துலயே நோட்டீஸைச் சரிபார்க்கிற வசதி இருக்கு. லாகின் கூட வேண்டாம். டின் எண்ணைப் போட்டா, அது டிபார்ட்மென்ட் அனுப்பினதா இல்லையான்னு காட்டிடும்.

மெயில்ல இருக்கிற லிங்க்கைத் தொடாதீங்க. நீங்களே போர்ட்டல் முகவரியை டைப் பண்ணி உள்ள போங்க. உங்க ரிட்டர்ன் சம்பந்தப்பட்ட உண்மையான நோட்டீஸ் உங்க லாகின்லயும் இருக்கும். "ரீஃபண்ட் ரெடி, கார்டு நம்பர் குடுங்க"ன்னு வர்றது எதுவுமே டிபார்ட்மென்ட் இல்லை.

இன்டிமேஷன் பிடிஎஃப் திறக்க பாஸ்வேர்ட் கேட்கும். உங்க பான் எண்ணை சின்ன எழுத்துல போட்டு, பக்கத்துலயே பிறந்த தேதி, மாசம், வருஷத்தை எட்டு இலக்கமா சேர்த்துப் போடுங்க. பாஸ்வேர்ட் தெரியாம விட்டவங்களையும் நிறைய பார்த்திருக்கேன்!

கேள்வி 2: எந்த செக்ஷன்?

நோட்டீஸோட தலைப்புலயே 'யு/எஸ்'னு போட்டு ஒரு எண் இருக்கும். 'அண்டர் செக்ஷன்'ங்கிறதோட சுருக்கம் அது. அந்த எண்தான் கடிதத்தோட குணத்தைச் சொல்லும். சம்பளக்காரங்களுக்கு வழக்கமா வர்றது இவ்வளவுதான்:

செக்ஷன் 143(1): உங்க ரிட்டர்னை பெங்களூருல இருக்கிற சிபிசி, அதாவது மத்திய செயலாக்க மையம், கம்ப்யூட்டர்ல சரிபார்த்துட்டு அனுப்புற கணக்குச் சீட்டு. ரிட்டர்ன் ப்ராசஸ் ஆனா எல்லாருக்கும் பொதுவா வரும். இது விசாரணை இல்லை.

செக்ஷன் 143(1)(ஏ): "உங்க ரிட்டர்ன்ல இந்த இடத்தை மாத்தப் போறோம், என்ன சொல்றீங்க?"ன்னு முன்கூட்டியே கேட்கிறது. உதாரணமா, அரியர்ஸ் சம்பளத்துக்கு செக்ஷன் 89 நிவாரணம் கேட்டுட்டு ஃபார்ம் 10இ போட மறந்திருப்பீங்க.

செக்ஷன் 139(9): ரிட்டர்ன்ல குறை இருக்கு, திருத்திக் குடுங்கன்னு சொல்றது. தப்பான ஐடிஆர் ஃபார்ம் போட்டிருக்கலாம். இல்லைன்னா டிடிஎஸ் மட்டும் கேட்டுட்டு, அந்த வருமானத்தைக் காட்டாம விட்டிருக்கலாம்.

செக்ஷன் 245: "உங்களுக்கு ஒரு ரீஃபண்ட் இருக்கு, ஆனா பழைய பாக்கியும் இருக்கு. அதுல இதைக் கழிச்சுக்கப் போறோம்"னு சொல்றது. நம்ம கோயம்புத்தூர் தம்பி கோட்டைவிட்டது இதைத்தான்.

செக்ஷன் 143(2), 148: முதல்ல சொன்னது ஸ்க்ரூட்டினி. ரெண்டாவது, காட்டாத வருமானம் இருக்குன்னு பழைய வருஷத்தைத் திறக்கிறது. இந்த ரெண்டும் வந்தா யூடியூப் பார்த்து நீங்களே பதில் போட வேண்டாம். என் வீடியோவைப் பார்த்தும் வேண்டாம். நேர்ல ஒரு ஆடிட்டர்கிட்ட போங்க.

ஒரு சின்ன குறிப்பு. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1-லிருந்து அமலுக்கு வருது. அதுல செக்ஷன் எண்களெல்லாம் வேற. ஆனா அதுக்கு முந்தின வருஷ வருமானத்துக்கு 1961 சட்டம்தான். அதனால மேல சொன்ன எண்களை இன்னும் சில வருஷம் நீங்க பார்ப்பீங்க.

கேள்வி 3: எந்த வருஷத்தைப் பத்தி?

இங்கதான் பாதிப் பேர் குழம்புறாங்க. பழைய சட்டத்துல சம்பாதிக்கிற வருஷம் வேற, அசெஸ்மென்ட் இயர் வேற. 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் வாங்கின சம்பளத்துக்கு அசெஸ்மென்ட் இயர் 2025-26. நோட்டீஸ்ல 'ஏஒய் 2025-26'னு இருந்தா, அதுல இருந்து ஒரு வருஷம் பின்னாடி போய் அந்த ஃபார்ம் 16-ஐ எடுங்க. புதுச் சட்டத்துல இந்த ரெட்டை வருஷக் கணக்கை எடுத்துட்டு 'டாக்ஸ் இயர்'னு ஒன்னே ஒன்னு வச்சிருக்காங்க. நல்ல மாற்றம்.

கேள்வி 4: அவங்க கணக்குக்கும் என் கணக்குக்கும் எங்க வித்தியாசம்?

143(1) இன்டிமேஷன்ல ரெண்டு காலம் இருக்கும். இடது பக்கம் நீங்க ரிட்டர்ன்ல சொன்னது. வலது பக்கம் சிபிசி போட்ட கணக்கு. எல்லா வரியையும் படிக்க வேண்டாம். விரலை வச்சு மேல இருந்து கீழ வாங்க. ரெண்டு காலத்துலயும் எண் ஒத்துப்போற வரைக்கும் கவலையில்லை. முதன்முதலா எங்க மாறுதோ, அங்க நில்லுங்க. பிரச்சினை பெரும்பாலும் அந்த வரியிலதான்.

சம்பள வரியில மாறினா, ஃபார்ம் 16 கூட ஒப்பிடுங்க. கழிவுகள்ல மாறினா, எந்தக் கழிவை ஒத்துக்கலைன்னு பாருங்க. டிடிஎஸ் வரியில மாறினா, ஃபார்ம் 26ஏஎஸ் எடுத்துப் பாருங்க. கம்பெனி உங்க சம்பளத்துல பிடிச்ச வரி, உங்க பான்ல வந்து சேர்ந்திருக்கான்னு அதுல தெரியும்.

கேள்வி 5: எத்தனை நாள் டைம்?

139(9)-க்கு 15 நாள். 143(1)(ஏ)-க்கு 30 நாள். 143(1)-ல டிமாண்ட் வந்தா, கட்டுறதுக்கு 30 நாள். அதைத் தாண்டினா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி, ஒரு மாசத்துல ஒரு நாள் ஆனாலும் முழு மாசக் கணக்கு. 245-க்கான கெடு அந்தக் கடிதத்துலயே இருக்கும். கடைசித் தேதியை அப்பவே போன் காலண்டர்ல போட்டுடுங்க. "அப்புறம் பார்க்கலாம்"னு மெயிலை மூடிட்டா அவ்வளவுதான்.

கேள்வி 6: நான் பேசாம இருந்தா என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. இதுக்கான பதில் பெரும்பாலும் கடிதத்தோட கடைசிப் பத்தியில இருக்கும்.

139(9)-க்குப் பதில் போடலைன்னா உங்க ரிட்டர்ன் செல்லாது. நீங்க ரிட்டர்னே போடாத மாதிரிதான் சட்டம் பார்க்கும். ரீஃபண்டும் போகும். 143(1)(ஏ)-க்குப் பதில் போடலைன்னா, அவங்க சொன்ன மாத்தத்தை அப்படியே செஞ்சிடுவாங்க. 245-க்குப் பதில் போடலைன்னா, ரீஃபண்டைப் பாக்கியில கழிச்சிடுவாங்க.

இதைப் புரிஞ்சுக்க ஒரு நாலு வார்த்தை தெரிஞ்சா போதும்.

'ஷல்'னு இருந்தா கட்டாயம். 'மே'ன்னு இருந்தா பொதுவா செய்யலாம், செய்யாமலும் விடலாம். 'டீம்ட்'னு இருந்தா, நிஜத்துல நடந்துச்சோ இல்லையோ, நடந்ததா சட்டம் எடுத்துக்கும். ரிட்டர்ன் போட்ட உங்களை "போடலை"ன்னு சொல்ல வைக்கிறது இந்த மாதிரி வார்த்தைகள்தான். 'ஃபெய்லிங் விச்'னு ஆரம்பிச்சா, "அப்படிச் செய்யலைன்னா"ன்னு அர்த்தம். அதுக்குப் பின்னாடி வர்றதை ரெண்டு தடவை படிங்க.

பேங்க்கோட பொது அறிவிப்பு, பிஎஃப் ஆபீஸ் சுற்றறிக்கை, மாநகராட்சி சொத்து வரி நோட்டீஸ் எல்லாத்துக்கும் இந்த ஆறு கேள்வியில பெரும்பாலானது பொருந்தும். யார் அனுப்பினது, எந்த விதி, எந்தக் காலம், என்ன கேட்கிறாங்க, எப்போ கெடு, விட்டா என்ன ஆகும். அவ்வளவுதான்.

தம்பி கதை என்ன ஆச்சு?

அவரோட முந்தின வருஷ இன்டிமேஷனை எடுத்தோம். விரல் வச்சுட்டே வந்தா, டிடிஎஸ் வரியில நின்னுச்சு. அவர் கேட்டதை விட 31,200 ரூபாய் குறைவா குடுத்திருந்தாங்க. அந்தத் தொகைக்கும் வட்டிக்கும் டிமாண்ட். 26ஏஎஸ்ல பார்த்தா, ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் பிடிச்ச வரி மட்டும் இல்லை.

சம்பளச் சீட்டுல பிடிச்சிருக்காங்க. அப்போ பணம் எங்க போச்சு? கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல கேட்டப்போ தெரிஞ்சது, அந்தக் காலாண்டு டிடிஎஸ் கணக்கு தாக்கல் பண்றப்போ இவரோட பான்ல ஒரு எழுத்து மாறிப்போச்சு. யாரோ ஒருத்தர் விரல் தவறினதுக்கு இவர் தங்கச்சியோட ஃபீஸ் நின்னுச்சு.

முதல்ல போர்ட்டல்ல அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட் பகுதிக்குப் போய் "ஒத்துக்கலை"ன்னு காரணத்தோட பதில் போட்டோம். இங்க ஒரு எச்சரிக்கை. "டிமாண்ட் சரிதான்"னு அவசரத்துல கிளிக் பண்ணிட்டா, அப்புறம் அதை மறுக்க முடியாது. அதனால நிதானமா பண்ணுங்க.

அடுத்து கம்பெனிக்கு எழுத்துபூர்வமா மெயில். வாய்ல கேட்டா வேலை நடக்காது, மெயில் போட்டா ஒரு பதிவு இருக்கும். அவங்க திருத்தக் கணக்கு தாக்கல் பண்ண மூணு மாசம் இழுத்தாங்க. 26ஏஎஸ்ல வரி ஏறினதும், செக்ஷன் 154-ல ரெக்டிஃபிகேஷன் போட்டோம். உத்தரவு வந்த நிதியாண்டு முடிஞ்சு 4 வருஷம் வரைக்கும் இந்த வழி இருக்கு, அதனால பழைய தப்பையும் திருத்தலாம். டிமாண்ட் பூஜ்யமாச்சு, கழிச்ச ரீஃபண்டும் திரும்பி வந்துச்சு.

செமஸ்டர் ஃபீஸை அதுக்குள்ள ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கிக் கட்டியிருந்தாரு.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கங்க. கம்பெனி உங்க சம்பளத்துல வரியைப் பிடிச்சுட்டு அரசுக்குக் கட்டாமலே விட்டா? பிடிச்ச அளவுக்கு உங்ககிட்ட அந்த வரியைக் கேட்கக் கூடாதுன்னு செக்ஷன் 205 சொல்லுது. ஆனா பிடிச்சதுக்கு ஆதாரம் உங்ககிட்ட இருக்கணும். அதனாலதான் சொல்றேன், மாசா மாசம் பேஸ்லிப்பை உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பி வைங்க. வேலையை விட்ட அன்னைக்கே கம்பெனி லாகின் போயிடும்.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டிய மூணு வேலை

ஒன்னு: போர்ட்டல்ல லாகின் பண்ணி ப்ரொஃபைல்ல மெயில், மொபைல் நம்பர் பாருங்க. பழைய கம்பெனி மெயில் ஐடி இருந்தா உடனே மாத்துங்க. நோட்டீஸ் அங்க போனா உங்களுக்குத் தெரியவே தெரியாது, கெடு மட்டும் ஓடிக்கிட்டிருக்கும்.

ரெண்டு: 'பெண்டிங் ஆக்ஷன்ஸ்' கீழ இ-ப்ரொசீடிங்ஸ், அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட் ரெண்டையும் திறந்து பாருங்க. காலியா இருந்தா நிம்மதியா தூங்குங்க.

மூணு: 26ஏஎஸ்ல நாலு காலாண்டு டிடிஎஸ்ஸும் பேஸ்லிப்போட ஒத்துப்போகுதான்னு பாருங்க. ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடியே இதைப் பார்த்தா, மேல சொன்ன கதை உங்க வீட்டுல நடக்காது.

மொத்தம் இருபது நிமிஷ வேலை. வீடியோல ஒரு மாதிரி இன்டிமேஷனைத் திரையில வச்சு, அந்த ரெண்டு காலத்தையும் வரி வரியா படிச்சுக் காட்டியிருக்கேன். உங்க நோட்டீஸைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தா செக்ஷன் எண்ணும் வருஷமும் மட்டும் கமெண்ட்ல போடுங்க, பான் நம்பரைப் போட்டுடாதீங்க.

அடுத்த பாடத்துல பார்ப்போம்.