பரீட்சை முடிந்து மாலத்தீவு போகிறவளுக்கு

கடைசி செமஸ்டரின் கடைசித் தாளை எழுதிய அன்று மாலையே அக்கா மகள் திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டாள். "சித்தி, நாங்க நாலு பேரு. ஆளுக்கு நாப்பதாயிரம் சேத்து வச்சிருக்கோம். மாலத்தீவு போலாமா, இல்ல கோவாவே போதுமா?" பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "அதெல்லாம் கல்யாணம் ஆனவங்க போற இடம்டி."

அடுத்த இரண்டு நாளில் நால்வரும் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பினார்கள். எல்லாம் ஒரே படத்திலிருந்து பிறந்த கேள்விகள். நீல நீரின் மேல் மரக்கால் ஊன்றி நிற்கும் குடில், இரண்டு சாய்வு நாற்காலிகள், ஒரு காலடித் தடம்கூட இல்லாத வெள்ளை மணல். ஆளே இல்லாத இடமாகப் பார்த்துப் பழகிவிட்டதால் அங்கே சட்டம் இருக்கும், பருவக் காற்று இருக்கும், கடலுக்கென்று ஒரு போக்கு இருக்கும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குச் சொன்னதையே, பரீட்சை முடிந்து பெட்டி கட்டும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

"பணக்காரர்களும் புதுமணத் தம்பதிகளும் மட்டும் போகும் இடம்"

மாலத்தீவைப் பற்றிய தப்பான கணிப்பு புதிதல்ல. 1960களில் அங்கே வந்த ஐக்கிய நாடுகள் குழு ஒன்று, இந்த நாடு சுற்றுலாவுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டுப் போனது. 1972 அக்டோபரில் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது. குரும்பா என்றால் அவர்களுடைய திவேஹி மொழியில் இளந்தேங்காய். நாமும் பிஞ்சுத் தேங்காயைக் குரும்பை என்றுதான் சொல்கிறோம்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், அதுவும் மக்கள் குடியில்லாத தீவில் மட்டும் என்பதே நடைமுறையாக இருந்தது. அக்கா மனத்தில் இருப்பது அந்தக் காலத்து மாலத்தீவு. 2009க்குப் பிறகு நிலைமை மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அரசு வழி திறந்தது. சுமார் 1,200 தீவுகளில் ஏறத்தாழ 190இல்தான் ஊர்கள் இருக்கின்றன. மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மாஃபுஷி போன்ற ஊர்களில் இன்று தெருவுக்குத் தெரு தங்கும் விடுதி உண்டு. மாணவர் கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற மாலத்தீவு இதுதான். இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடத்தை உறுதி செய்த தாளும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

"போட்டிருக்கும் விலைதான் விலை"

இந்த நம்பிக்கையால் அடிபட்டவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரிசார்ட் அறைக்கு 200 டாலர் என்று போட்டு, அருகில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அந்தக் குறிகளின் பொருள் இது: 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேரும், 200 என்பது 220 ஆகும். அந்த 220க்கு 17 விழுக்காடு சுற்றுலா வரி சேரும், 257 டாலரைத் தாண்டும். இதற்கு மேல் பசுமை வரி, ரிசார்ட்டில் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இருவர் தங்கினால் 24. ஆக, 281 டாலர். மக்கள் வாழும் தீவின் சிறிய கெஸ்ட் ஹவுஸில் இந்தப் பசுமை வரி 6 டாலர்தான்.

இத்தனைக்கும் பிறகு விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் செலவு தனி. தூரத்து ரிசார்ட்டுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டுமென்றால் தலைக்குப் பல நூறு டாலர் ஆகலாம். முதல் தடவை போனபோது எங்கள் விமானம் மாலை ஐந்து மணிக்கு இறங்கியது. கடல் விமானங்கள் இருட்டிய பின் பறப்பதில்லை. நீரில் இறங்கும் விமானிக்கு நீர்ப்பரப்பு கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவர் இதை எங்களிடம் சொல்லவே இல்லை. அன்றிரவு பக்கத்துத் தீவில் கைக்காசைப் போட்டு ஒரு அறை எடுத்தோம். ரிசார்ட்டில் ஏற்கெனவே பணம் கட்டிய ஓர் இரவு யாருமே தங்காமல் போயிற்று. என் பிள்ளைகளின் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: டிக்கெட் எடுக்கும் முன்பே தங்குமிடத்துக்கு எழுதி, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும், எல்லா வரியும் போக்குவரத்தும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கெஸ்ட் ஹவுஸுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குறைந்த செலவில் போகும் அரசு ஃபெர்ரிகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை.

"விடுமுறைத் தீவுதானே, யார் கேட்கப் போகிறார்கள்"

கேட்பார்கள். மாலத்தீவு இஸ்லாமிய நாடு. ரிசார்ட் தீவுகளில் மதுவுக்கு அனுமதி உண்டு. ஊர்த் தீவுகளில் கிடையாது. வெளியிலிருந்து மது கொண்டுவரவும் கூடாது. விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். வழிபாட்டுச் சிலைகளும் கொண்டுவரக் கூடாத பொருள்களின் பட்டியலில் இருக்கின்றன. பிள்ளைகளின் பெட்டியில் வழித்துணையாக ஒரு சின்னப் பிள்ளையாரை வைத்தனுப்பும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குள் நடக்கும்போது தோளும் முட்டியும் மறையும் உடை வேண்டும். நீச்சல் உடைக்கென்று தனிக் கரை ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்குப் பெயரே பிகினி பீச். இவற்றை எல்லாம் தடைகளாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் தெருக்களில் பெண்கள் வாசலில் ஊஞ்சல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிவிட்டு ஓடி வருவார்கள். நம் தெருவுக்கு வரும் விருந்தாளியிடம் நாம் எதிர்பார்ப்பதுதான் அது.

புதிதாக ஒன்று. வேப் எனப்படும் மின் சிகரெட்டைப் பயணிகள்கூட உள்ளே கொண்டுவர 2024 நவம்பரிலிருந்து தடை. 2025 நவம்பர் 1 முதல், 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் அங்கே புகையிலை வாங்கவோ பயன்படுத்தவோ முடியாது. பயணிகளுக்கும் இதே விதிதான். இப்போது பிளஸ் டூ முடித்து வருகிறவர்கள் அநேகமாக எல்லாருமே இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள்.

"மே மாதம் போனால் மழையில் எல்லாம் வீண்"

இது பாதி உண்மை. நான் மிகவும் விரும்பிச் சொல்லும் பகுதியும் இதுதான்.

மாலத்தீவின் ஆண்டு இரண்டு காற்றுகளால் ஆனது. கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காலம் இருவை. மேற்கிலிருந்து மழையோடு வரும் காலம் ஹுளங்கு, மேற்குத் திசைக்கும் அதுவே பெயர். நம் கடலோரத்தார் கச்சான் என்று சொல்லும் அதே மேல்காற்று. இந்தக் காலங்களை அவர்கள் நகை என்னும் பதின்மூன்று, பதினான்கு நாள் துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். மொத்தம் இருபத்தேழு. ஏப்ரலில் அஸ்ஸிதா, அடுத்து புருனு, மே மாதத்தில் கெத்தி, பிறகு ரோனு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி. சூரியன் பரணியின் பிற்பாதியிலிருந்து ரோகிணியின் தொடக்கம் வரை செல்லும் நாட்களை நாம் கத்திரி வெயில் என்று எண்ணுகிறோம். ஏறத்தாழ அதே நாட்களை அங்கே மீனவர்கள் காற்றுக்கும் மழைக்குமாக எண்ணுகிறார்கள். எந்த நகையில் எந்தத் திசையில் மீன் கிடைக்கும், எப்போது கடல் கொந்தளிக்கும் என்ற அனுபவ அறிவு அந்தப் பெயர்களில் சேர்ந்து கிடக்கிறது.

ஆகவே ஏப்ரல் முதல் பாதியில் பரீட்சை முடிகிறவர்களுக்குக் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். மே பிற்பாதியில் போகிறவர்கள் மழையையும் அலையையும் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். நாள் முழுக்கக் கொட்டும் நாட்களும் உண்டு, ஒரு மணி நேரம் பெய்து வெளுத்துவிடும் நாட்களும் உண்டு. ரிசார்ட்டுகள் விலையைக் குறைப்பதும் இந்தக் காலத்தில்தான். பா என்னும் பவளத்திட்டில் ஹனிஃபரு என்ற சிறு வளைகுடா இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரையான காலத்தில் நீரோட்டம் கொண்டுவரும் மிதவை நுண்ணுயிர்கள் அந்த வளைகுடாவுக்குள் வந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றைத் தின்ன மான்ட்டா திருக்கைகள் கூட்டமாக வரும். ஆழ்முழுக்குக்கு அங்கே அனுமதி இல்லை, மேற்பரப்பில் மிதந்தபடிதான் பார்க்க வேண்டும். வீண் என்று ஒதுக்கும் மழைக்காலம் கொண்டுவரும் காட்சி அது.

"களப்பு என்பது நீச்சல் குளம் மாதிரி"

இதை நம்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா மகள் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவள். "எனக்கு நீச்சல் தெரியும் சித்தி" என்றாள். ஆற்றின் இழுப்பு கண்ணுக்குத் தெரியும். களப்பில் தெரியாது.

கரையிலிருந்து களப்பு எனும் இடுப்பளவு நீரில் நடந்தால் பவளப் பார் வரும். அதன் விளிம்பைத் தாண்டிய அடுத்த அடியில் தரை கிணறு போல இறங்கிவிடும். இரண்டு பார்களுக்கு நடுவே கந்து என்னும் ஆழமான வாய்க்கால்கள் உண்டு. ஓதம் ஏறும்போது கடல் இந்த வாய்க்கால்கள் வழியேதான் உள்ளே நுழைகிறது, இறங்கும்போது இதே வழியேதான் வெளியேறுகிறது. அப்போது உண்டாகும் இழுப்பை எதிர்த்து எந்தப் பழகிய நீச்சல்காரராலும் நெடுநேரம் நீந்த முடியாது. மேலே பளிங்கு போல இருக்கும். முகமூடி போட்டு மீன் பார்த்துக்கொண்டே மிதக்கிறவர், தலையைத் தூக்கும்போதுதான் கரை தூரமாகிவிட்டதைக் காண்பார். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், நகராமல் நிறுத்தாது.

கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் தினமும் காலையில் கேளுங்கள், இன்று நீரோட்டம் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று. ஊர் மீனவரிடம் கேட்டால் இன்னும் நல்லது. தனியாக இறங்காதீர்கள், ஒருவர் கரையில் இருக்கட்டும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் குறுக்கே நீந்துங்கள், கையைத் தூக்கிக் காட்டுங்கள். சிலிண்டரோடு ஆழ்முழுக்குப் போனால், கடைசி முழுக்குக்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவே 18 மணி நேரமாவது விட வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழ்களாகப் பிரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி நாள் காலையை முழுக்குக்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

"பவளத்துக்கு ஏற்ற சன்ஸ்கிரீன் போட்டால் போதும்"

ஹவாய் மாநிலமும் பலாவு நாடும் ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடை செய்தது உண்மை. ஆனால் புட்டியில் அச்சிடும் 'பவளத்துக்குத் தீங்கற்றது' என்ற வாசகத்துக்கு உலகளாவிய அளவுகோல் எதுவும் இல்லை. 1998இலும் 2016இலும் மாலத்தீவின் பவளங்கள் பெருமளவு வெளுத்ததற்குக் காரணம் கடல் சூடேறியது. நம் கையில் இருப்பது சிறியது, ஆனாலும் நேரடியானது: பவளத்தின் மேல் நிற்காமல் இருப்பது, முழுக்கைச் சட்டை போட்டு நீந்துவது. மாலே பூமத்திய ரேகைக்கு வடக்கே 4 பாகைதான். ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். மேகம் மூடியிருந்தாலும் முதுகு வெந்துவிடும்.

காலில் ஒட்டும் அந்த வெள்ளை மணலைப் பற்றியும் ஒன்று. கிளிமீன்கள் பவளப் பாறையைக் கடித்து அரைத்துக் கழிக்கும் துகள்கள் அதில் பெரும்பங்கு. வக்கரு என்ற தீவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களின் வேலை என்று கண்டது. தட்டில் வறுத்த கிளிமீன் வந்தால் வேறு மீன் கேளுங்கள்.

"சாப்பாடு நமக்கு ஒத்துவராது"

தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய் வருவதைத் துறைமுகத்துக்காரர்கள் அறிவார்கள். அந்தச் சமையலும் நமக்கு அவ்வளவு அந்நியமல்ல. காலையில் மஸ் ஹுனி கேளுங்கள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு இது பிடிக்காமல் போகாது. மீன் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குழம்பு, சம்பல் எல்லாவற்றிலும் மீன் புகுந்திருக்கும். குடிநீர் பெரும்பாலும் கடல் நீரைச் சுத்திகரித்து வருவது. 2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது தலைநகரமே தவித்தது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

மே முதல் வாரத்துக்கு நால்வரும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஒரு கெஸ்ட் ஹவுஸில் நான்கு இரவு. நேற்று அக்கா பேசினாள், கோபம் தணிந்திருந்தது. "உனக்கு என்ன வாங்கிட்டு வரணும்னு கேக்குறா" என்றாள். சங்கு, பவளத் துண்டு, புட்டியில் மணல் எதுவும் வேண்டாம், பவளமும் ஆமை ஓட்டுப் பொருளும் அந்த நாட்டை விட்டு எடுத்து வரவே கூடாது என்று சொன்னேன். மாலே மீன் சந்தைக்குப் பக்கத்தில், வலை போடாமல் தூண்டில் கழியில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரையை அவித்துப் புகையூட்டிக் காய வைத்து விற்பார்கள். கல் மாதிரி கெட்டியாக, கருப்பாக இருக்கும். நம் வீட்டில் அம்மா அம்மியில் இடித்துச் சம்பலுக்குப் போடும் அதே மாசி. அதில் அரைக் கிலோ, நன்றாகச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.